டிசம்பருக்குப் பதினைந்து நாள்தான்: சேலத்தில் அவசரமில்லாமல் கிறிஸ்துமஸ் நடத்த ஒரு வழிகாட்டி

கல்யாணமாகி சேலம் வந்த மூன்றாவது வருடம். டிசம்பர் 24, இரவு ஒன்பது மணி. அடுப்படித் தரையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் துணியைக் கொடுத்ததே எட்டரைக்குத்தான், அதுவும் கொக்கி வைக்காமல். அடுப்பில் சோமாஸ் வெந்துகொண்டிருந்தது. சிலிண்டர் மதியமே தீர்ந்துபோய், பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்கி மாட்டியிருந்தோம். குடிலின் முன்னால் நின்றுகொண்டு மாமியார், "பாலன் எங்கம்மா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

பாலன் இயேசு சொரூபம் உடைந்துவிடக் கூடாது என்று போன வருடம் அதை மட்டும் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தியது நான்தான். எங்கே என்பது மட்டும் நினைவில்லை. பூசைக்குக் கிளம்பப் பட்டுப்புடவையை உதறியபோது மடிப்புக்குள்ளிருந்து கட்டிலில் விழுந்தார். நல்லவேளை, கட்டிலில்.

அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், மாமியார் தளர்ந்துபோய் முதல் முறையாகப் பண்டிகையைத் தன் தலையில் எடுத்துக்கொள்கிறவர்கள் யாராவது கேட்டால் அந்த நோட்டைத்தான் கொடுப்பேன். இப்போது அதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் என் நாத்தனார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் என்பதால் அந்தப் பக்கத்து நடைமுறையும் கொஞ்சம் தெரியும்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

டிசம்பரில் 25 நாள் கையில் இருக்கிறது என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். காலண்டரை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு பத்தாம் தேதி வாக்கில் தொடங்கி 23 வாக்கில்தான் முடியும். வீட்டில் ஒரு பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ இருந்தால் அந்த நாட்களில் மிக்சி போடக்கூட யோசிக்க வேண்டும். அதே நாட்களில்தான் கேரல் பாட்டு ஒத்திகை, வீடு வீடாகக் கேரல் சுற்று, கோவிலில் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டம், அலுவலகத்தில் வருடக் கடைசிக் கணக்கு எல்லாம் வரும்.

அதனால் எங்கள் வீட்டுச் சட்டம் இது: டிசம்பர் 15-க்குப் பிறகு புதிதாக எந்த வேலையும் தொடங்கக் கூடாது. தொடங்கியதை முடிக்கலாம். புது ஆசை, புது பலகாரம், "இந்த ஜன்னலுக்கும் ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிட்டா நல்லா இருக்கும்" என்பதெல்லாம் அடுத்த வருடத்துக்கு. இந்தச் சட்டத்தை அதிகம் மீறுபவர் என் வீட்டுக்காரர்தான், பெயிண்ட் விஷயத்தில்.

கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அந்த ஞாயிறு வரும்போது மளிகை தவிர மற்றக் கடை வேலைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

நோட்டில் வேலையை விடப் பெயர் முக்கியம்

ஒரு நீள நோட்டு போதும். செல்போனில் குறிப்பு எழுதலாம், ஆனால் அடுப்படியில் மாவுக் கையோடு செல்போனைத் திறக்க முடியாது. அதோடு மாமியார் அதைப் படிக்க மாட்டார்.

இடது பக்கம் வேலை, வலது பக்கம் ஆள். இந்த வலது பக்கம்தான் விஷயமே. "வீடு ஒட்டடை அடிக்கணும்" என்று எழுதினால் அதை அடிப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள். "ஒட்டடை: மாடி, தம்பி, நவம்பர் 23 ஞாயிறு மதியம்" என்று எழுதித் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் அக்டோபர் கடைசி ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து இதை எழுதுகிறோம். முதல் வருடம் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரில் பாத்திரம் துலக்குவது எழுதப்பட்டது.

அதே நாளில் இன்னொன்றையும் முடிவு செய்துவிடுங்கள்: இந்த வருடம் எதை விடப் போகிறோம். நாங்கள் வாழ்த்து அட்டை அனுப்புவதை விட்டோம். ஏழு வகைப் பலகாரம் நாலாகிவிட்டது. எல்லாருக்கும் புதுத்துணி என்பதைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மட்டும் என்று மாற்றினோம். டிசம்பர் 20-ஆம் தேதி களைத்துப்போய் விடுவதைவிட அக்டோபரில் பேசி விடுவது நல்லது. வருத்தம் வராது.

அந்த வருடம் குடும்பத்தில் துக்கம் நடந்திருந்தால் ஸ்டார் கட்டுவதா, பலகாரம் சுடுவதா என்பதையும் அன்றே பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை. சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவருவார்கள். உங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து மாவு கணக்குப் போடுங்கள்.

அக்டோபரிலேயே: டிக்கெட்

சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ரயில் டிக்கெட். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 23 கிளம்ப வேண்டுமானால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். சென்னையிலிருந்து சேலம் வர எல்லாரும் முதலில் தேடுவது ஏற்காடு எக்ஸ்பிரஸைத்தான். இரவு ஏறினால் விடியும் முன் சேலம் ஜங்ஷன் வந்துவிடும் என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைக்கவில்லை என்றால் தட்கல், அதற்கு ஆதார் இணைத்த கணக்கு கட்டாயம். அந்த இணைப்பை இப்போதே செய்து வையுங்கள். முந்தைய நாள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்துகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது தேவையில்லாத வேதனை. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் அதே கணக்கில் எண்ணிப் போடுங்கள். வரும் டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் ஏராளம்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தெருவில் யாராவது பண்டிகைச் சீட்டு நடத்தினால், ஆளை நன்றாகத் தெரிந்தால் ஒழியச் சேராதீர்கள். வங்கியில் ஒரு வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் அதே மாதத் தவணை, அதே டிசம்பரில் மொத்தமாகக் கைக்கு வரும், வட்டியும் உண்டு. ஆனால் ஜனவரியில் தொடங்கினால் அடுத்த ஜனவரியில்தான் முதிரும். நவம்பர் கடைசியில் தொடங்குங்கள்.

நவம்பர்: துணியும் பழமும்

தீபாவளி முடிந்ததும் தையல்காரர்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்த முதல் இரண்டு வாரம்தான் அவர்கள் கை காலியாக இருக்கும் நாட்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ், அதன் மேலேயே பொங்கல். நவம்பர் முடிவதற்குள் அளவு கொடுத்துவிட வேண்டும். எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்டால் டிசம்பர் 10 என்று சொல்லுங்கள். 24 என்று சொன்னால் உங்களுக்கும் என் கதைதான்.

கொலுசு வாங்கும் எண்ணம் இருந்தால் அதுவும் இப்போதே. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை நடக்கிற ஊர் நம் ஊர். ஆனாலும் பேத்தி கால் அளவுக்குச் சலங்கை வைத்துச் செய்யச் சொன்னால் நாளெடுக்கும்.

இனி பழ ஊறல். கேக்கை வீட்டில் செய்வதா, வாங்குவதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் வருடம் வாங்குங்கள். இரண்டாவது வருடம் செய்யுங்கள். செய்வதாக இருந்தால் நவம்பர் மூன்றாவது வாரத்தில் பழம் ஊறப் போட வேண்டும். உலர்ந்த திராட்சை, கறுப்புத் திராட்சை, விதை நீக்கிய பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய், கொஞ்சம் செர்ரி எல்லாம் சேர்த்து 400 கிராம். சின்னதாக நறுக்கி, நன்றாகக் காய்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு மூழ்கும் அளவு ரம் ஊற்றி மூடி, வாரம் ஒரு தரம் குலுக்கி விடுங்கள். ஒரு மாதம் அப்படியே நிற்கும்.

ரம் வேண்டாத வீடுகள் அதிகம். என் மாமியார் வீடும் ஒரு காலத்தில் அப்படித்தான். அவர்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப் போடலாம். ஆனால் ஒரு மாதம் வைக்கக் கூடாது, புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். கேக் சுடுவதற்கு முந்தைய நாள் சாற்றோடு பழத்தை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் பிரிட்ஜில் வைத்தால் போதும். ஏற்காட்டிலிருந்து வரும் ஆரஞ்சு கிடைத்தால் அதையே பிழியுங்கள், தோலையும் வெள்ளைப் பகுதி படாமல் கொஞ்சம் துருவிச் சேருங்கள்.

மீதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: மைதா 250 கிராம், வெண்ணெய் 250, பொடித்த சர்க்கரை 200, முட்டை 5, முந்திரி 100, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு பொடித்தது ஒரு டீஸ்பூன். இதோடு 100 கிராம் சர்க்கரையைக் கருக்கிய பாகு. கேக் தோற்பது பெரும்பாலும் இந்தப் பாகில்தான். அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் உருக்குங்கள். முதலில் தேன் நிறம், அப்புறம் காபி டிகாஷன் நிறம். ஓரத்தில் சின்னதாகப் புகை எழும்பும்போதே அடுப்பை அணைத்து அரை டம்ளர் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சீறும், கையைத் தள்ளி வையுங்கள். புகை எழுந்த பிறகு இன்னும் பத்து விநாடி விட்டால் கசந்துபோகும், என்ன செய்தும் மீட்க முடியாது. பழத்தை வடிகட்டி, ஒரு கை மைதாவில் புரட்டிவிட்டுக் கலந்தால் அடியில் போய் உட்காராது. 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குச்சி குத்தி ஒட்டாமல் வந்தால் சரி. சுமார் ஒன்றரைக் கிலோ வரும்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டுச் சுடலாம், ஆனால் இவ்வளவு மாவை இரண்டாகப் பிரித்துச் சுட வேண்டும். கேட்டுப் பார்த்தால் சில பேக்கரிகளில் டின்னுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நம் மாவைச் சுட்டுத் தருவார்கள். நவம்பரிலேயே கேட்டு வையுங்கள், டிசம்பர் 20-க்கு மேல் அவர்கள் அடுப்பில் அவர்களுக்கே இடம் இருக்காது. ரம் ஊறிய கேக்கை டிசம்பர் 12 வாக்கில் சுட்டுச் சுற்றி வைத்துவிடலாம், நாள் ஆக ஆக ருசி கூடும். ஆரஞ்சுச் சாற்றுக் கேக்கை 20-க்கு மேல் சுட்டு ஒரு வாரத்துக்குள் தின்றுவிட வேண்டும். பதினைந்தாம் தேதிச் சட்டத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே விதிவிலக்கு இதுதான்.

டிசம்பர் முதல் வாரம்: ஸ்டாரும் சிலிண்டரும்

ஒன்றாம் தேதி சாயங்காலம் ஸ்டார் ஏறிவிடும். பழைய குண்டு பல்பு போடாதீர்கள், சூட்டில் காகிதம் கருகும். எல்.இ.டி. பல்பு போதும். இரவில் பனி இறங்கும், சில வருடம் மழையும் உண்டு. அதனால் ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் வெளியில் இருக்கக் கூடாது. சீரியல் பல்பை மாட்டும் முன் தரையில் விரித்து எரிகிறதா என்று பாருங்கள். ஏணியில் ஏறி மாட்டி முடித்த பிறகுதான் பாதி எரியாது என்று தெரிவது ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற வேடிக்கை.

அதே வாரம் சிலிண்டர் பதிவு செய்யுங்கள், மீதி இருந்தாலும் பரவாயில்லை. எண்ணெய்ச் சட்டி வேலைக்கு வாயு தண்ணீராகச் செலவாகும்.

மளிகைக்கு லீ பஜார், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வார நாளில் காலையில் போய்விட்டு வாருங்கள். மொத்தக் கடைகள் என்பதால் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் லாபம். வெல்லம் வாங்கும்போது பளபளவென்ற மஞ்சளைப் பார்த்து மயங்காதீர்கள். நல்ல வெல்லம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். வெளுத்த வெல்லத்தில் பாகு வைத்தால் அதிரசம் கல்லாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

எதை எப்போது சுடுவது

பலகாரத்தை ஒரே நாளில் சுட்டுத் தள்ளுவது பழைய காலத்துக் கூட்டுக் குடும்பத்துக்குச் சரி. அன்றைக்கு நாலு பெண்கள் ஒரு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நீங்கள் ஒருவர். அதனால் கெடாதது முதலில், கெடுவது கடைசியில்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை கலகலாவும் முறுக்கும். காற்றுப் புகாத டின்னில் மூன்று வாரம் தாங்கும். டின்னை வீட்டில் உள்ளவர்கள் கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம். இரண்டாவது சனிக்கிழமை அச்சு முறுக்கு. புது அச்சு வாங்கியிருந்தால் இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, அப்புறம் ஒரு இரவு எண்ணெயில் ஊற வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். அதை மாவில் முக்கும்போது விளிம்பு வரை மட்டும்தான் முக்க வேண்டும். மேலே மாவு ஏறிவிட்டால் பூ கழன்று விழாது. முதல் ஐந்தாறு உடையத்தான் செய்யும், அவை பிள்ளைகளுக்கு.

அதிரசத்துக்கு ஒரு கிலோ மாவுப் பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டுகிற பக்குவத்தில் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். காலையிலேயே போய், முன்னால் அரைத்தது அரிசிதானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒருமுறை மிளகாய்க்குப் பின்னால் அரைத்து வந்த மாவில் அதிரசம் சுட்டோம். அந்த வருடம் எங்கள் அதிரசத்தை யாரும் மறக்கவில்லை. பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். மாவைக் கிளறி மூடி வைத்தால், டிசம்பர் குளிருக்கு மூன்று நாலு நாளாவது ஆகும் பக்குவப்பட. 12-ஆம் தேதி கிளறி வைத்துவிட்டால், தேர்வு நாட்களில் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்துப் பத்தாகச் சுட்டுக்கொள்ளலாம். தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாஸ் நாலு நாள்தான் தாங்கும். பொட்டுக்கடலையும் கொப்பரையும் வைத்தால் பத்து நாள் நிற்கும் என்பதால் நான் அதற்கு மாறிவிட்டேன்.

தட்டுக் கணக்கு

தீபாவளிக்கு எத்தனை வீட்டிலிருந்து தட்டு வந்தது என்று நோட்டில் எழுதியிருக்கிறீர்களா? அத்தனை வீட்டுக்கும் கிறிஸ்துமஸுக்கு நம் தட்டு போக வேண்டும். ரம்ஜானுக்கு வந்த பாத்திரத்தையும் கணக்கில் சேருங்கள்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு மண்டல பூசை முடிவது டிசம்பர் 26, 27 வாக்கில்தான். நம் பண்டிகை அன்று அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் ஒருவராவது மாலையில் இருப்பார். அந்த வீட்டுக்கு முட்டை போட்ட கேக்கைக் கொண்டுபோய் நீட்டினால் அவர்களுக்கும் தர்மசங்கடம், நமக்கும். அதனால் முட்டையில்லாத பலகாரத்தை, புதிதாக ஊற்றிய எண்ணெயில், கறி சமைக்காத நாளில் முதலில் சுட்டுத் தனி டின்னில் எடுத்து வைத்துவிடுவேன். அச்சு முறுக்கு மாவிலும் சிலர் முட்டை அடித்து ஊற்றுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் வேண்டாமென்றால் ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு ஆரஞ்சு, ஒரு பாக்கெட் பேரீச்சை வைத்துக் கொடுங்கள், அழகாக இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு ஐயா இருமுடி கட்டும் வருடங்களில் அவருக்கான கேக்கைப் பிரிட்ஜில் வைத்திருந்து, மலையிலிருந்து இறங்கிய பிறகு கேட்டு வாங்கிக்கொள்வார்.

தட்டுகளை 24 மாலைக்குள் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. 25 அன்று நம் வீட்டுக்கு ஆட்கள் வரும்போது நாம் தெருவில் இருக்கக் கூடாது. தூய்மைப் பணியாளர், பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோருக்கான பணத்தைக் கவரில் போட்டுப் பெயர் எழுதி 20-ஆம் தேதியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேரல் வரும் இரவு

உங்கள் அன்பியத்துக்கு எந்த இரவு என்று கோவிலில் அறிவிப்பார்கள். ஒன்பது மணி என்று சொன்னால் பதினொன்றரைக்கு வருவார்கள். முந்திய வீடுகளில் சுக்குக் காபி குடித்து, பாடி, டிரம் அடித்து வர வேண்டுமே. அதனால் பிள்ளைகளைப் படிக்க வைத்துத் தூங்க வைத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் தாத்தா மணி அடித்தால் தானாக எழுந்துவிடுவார்கள். காணிக்கைக் கவர், பிளாஸ்கில் காபி, ஒரு டின் முறுக்கு வாசலருகில் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் மாலையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாடகர் குழுவிடமும் டிரம்மைக் கொஞ்சம் தணிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் தேர்வு இருக்கிறது என்றாலும் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குடில்

1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் உண்மையான மாடும் கழுதையும் நின்றனவாம். நமக்கு அட்டைப் பெட்டியும் வைக்கோலும் போதும். குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டுமானால் டிசம்பர் 13 அன்று கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்து, அகலத் தட்டில் இரண்டு விரல் மண் போட்டு நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். மூன்றாம் நாள் முளைக்கும், துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். 24-க்குள் விரல் உயரம் வந்துவிடும். முன்கூட்டியே போட்டால் புல் சாய்ந்து மஞ்சளாகிவிடும். இந்த வேலையை வீட்டில் சின்ன பிள்ளைக்குக் கொடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் நடுவில் எழுந்து எழுந்து போய்ப் பார்க்க அதற்கும் ஒரு சாக்கு.

குடிலில் மாட்டுத் தொட்டி 24 நள்ளிரவு வரை காலியாக இருக்க வேண்டும், பாலனை அப்போதுதான் வைப்போம். மூன்று அரசர்களும் உடனே வந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் அவர்கள் டி.வி. ஸ்டாண்டிலிருந்து கிளம்பி ஜனவரி 6-க்குத்தான் வந்து சேருவார்கள்.

ஏற்காடு போகிறவர்களுக்கு

என் நாத்தனார் மலையில் இருக்கிறார். டிசம்பரில் அங்கே காபிப் பழம் பறிப்பு. தோட்டத்தில் வேலை செய்கிற வீடுகளில் பண்டிகைக்கு முன் யாருக்கும் ஓய்வு கிடையாது. அதனால் நாங்கள் சமைத்ததை எடுத்துக்கொண்டு மேலே போவோம், அவர்களை இறங்கி வரச் சொல்வதில்லை.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். 24 முதல் புத்தாண்டு வரை சுற்றுலா வண்டிகளால் பாதை நிரம்பிவிடும். 26 காலை ஏழு மணிக்குள் அடிவாரம் தாண்டிவிட்டால் நிம்மதி. மதியம் கிளம்பினால் வளைவுக்கு வளைவு நின்று போக வேண்டும். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் காலையில் எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள், அன்றைக்கு அது எளிதில்லை என்றாலும். ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலத்து நினைப்பில் மெல்லிய சட்டையோடு போனால் மாலை ஐந்து மணிக்கே நடுங்கும். ஸ்வெட்டரை நவம்பரிலேயே எடுத்து வெயிலில் போட்டு வையுங்கள். மழை வந்தால் பிடிவாதம் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. தங்கும் அறை வேண்டுமென்றால் அக்டோபரில் டிக்கெட்டோடு சேர்த்து அதையும் முடியுங்கள்.

24-ம் 25-ம்

கறிக்கடையில் 22-ஆம் தேதியே முன்பணம் கொடுத்து எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். சொல்லாதவர்கள் 25 காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்பார்கள். பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பது, இஞ்சி பூண்டு அரைப்பது, புதினா ஆய்வது மூன்றும் 24 காலையில் முடிந்துவிட வேண்டும். அன்று இரவுச் சாப்பாடு வெறும் தோசை. வேறு எதுவும் கேட்கக் கூடாது என்று நோட்டிலேயே எழுதியிருக்கிறது.

மதியம் இரண்டு மணி நேரம் எல்லாரும் படுக்க வேண்டும். சும்மா சொல்லவில்லை, பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். நள்ளிரவுத் திருப்பலியில் குழந்தைகள் தூங்கி விழுவதும் பெரியவர்கள் எரிந்து விழுவதும் இந்தத் தூக்கம் இல்லாததால்தான். நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகிறவர்கள், உட்கார இடம் வேண்டுமென்றால் பத்தரைக்கே போய்விடுங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவது மேல், திரும்பும்போது உள்ளே சிக்கிக்கொள்ள மாட்டீர்கள். சி.எஸ்.ஐ. வீடுகளில் 25 விடியற்காலை ஆராதனை என்பதால் அவர்கள் 24 இரவு சீக்கிரம் தூங்கி, மூன்றரைக்கு எழுவார்கள். அங்கே வெந்நீருக்குத்தான் அடிதடி. யார் எப்போது குளிப்பது என்று இரவே சொல்லிவிட்டால் சண்டை குறையும். துணி, செருப்பு, நகை, வண்டிச் சாவி, காணிக்கை எல்லாம் ஒரே கட்டிலில்.

25 மதியம் விருந்தினர் வரும் நேரத்தை நீங்களே சொல்லுங்கள். "எப்ப வேணா வாங்க" என்று சொன்னால் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது. "ஒரு மணிக்குச் சாப்பிட வந்துடுங்க" என்றால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

26 காலை, காபியோடு நோட்டு

எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுத வேண்டும். எத்தனை கிலோ கறி, எவ்வளவு மிச்சம், எந்தப் பலகாரம் யாரும் தொடவில்லை, எத்தனை தட்டுப் போனது, மொத்தச் செலவு. போன வருடத்துப் பக்கத்தில் "கலகலா இரண்டு டின் போதும்" என்று எழுதியிருந்தது. அதை நம்பாமல் இந்த முறையும் மூன்று டின் சுட்டேன், ஒரு டின் பொங்கல் வரை கிடந்தது.

மூன்று இராசாக்கள் திருவிழா முடிந்த அடுத்த வாரம் குடிலையும் ஸ்டாரையும் கழற்றுங்கள். சீரியல் பல்பை அட்டையில் சுற்றி, எரியும் சரம், எரியாத சரம் என்று பிரித்து எழுதி வையுங்கள். எரியாததை யாராவது சரி செய்வார்கள் என்று எட்டு வருடம் வைத்திருந்து கடைசியில் போட்டேன், நீங்கள் உடனே போட்டுவிடலாம். ஸ்டாரை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு நாப்தலின் உருண்டை போடுங்கள், கரப்பான் காகிதத்தைத் தின்றுவிடும். சொரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரே பெட்டியில் அடுக்குங்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று நோட்டின் பின் அட்டையில், பெரிய எழுத்தில்.

எங்கள் நோட்டின் பின் அட்டையில் இருப்பது: "பாலன், மஞ்சள் பிஸ்கட் டப்பா, பரண், இடது ஓரம். புடவை பீரோவில் தேட வேண்டாம்."